எத்தனை கிலோவில் நிறுத்துவது? கொழுப்புச் சதவீதத்தை வைத்து இலக்கு எடை கணக்கிடும் முறை

எடை குறைக்க இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு முழு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். கல்யாணத்தின்போது இருந்த எடை, உயரத்தில் 100-ஐக் கழித்தால் வரும் எடை, இல்லையென்றால் 'எழுபதுக்கு வந்துவிட்டால் போதும்' என்ற ஆசை. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்ற பிரிப்பு இவை எதிலும் இல்லை. கொழுப்புச் சதவீதத்திலிருந்து இலக்கு எடையைப் பிடித்தால் அந்தக் குறை தீரும். கணக்கு இரண்டே வரிதான். ஆனால் வழக்கமாகச் சொல்லித்தரப்படும் அந்த இரண்டு வரி, குறையப்போகும் எடை முழுவதும் கொழுப்பே என்று எடுத்துக்கொள்கிறது. உடம்பு அப்படிக் குறைவதில்லை. அதனால்தான் சொன்ன கிலோவைத் தொட்ட பிறகும் பலருக்குத் தொப்பை மிச்சமிருக்கிறது. அதைத் திருத்தும் வழியையும் சேர்த்தே பார்க்கலாம்.

நம்மவர்களுக்கு பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) மட்டும் போதாது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் உடலையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கும் மேலான கொழுப்பு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும் உடல்வாகு தெற்காசியர்களிடம் அதிகம். அவர்களுக்கு எடைத்தராசு சொல்வது பாதிக் கதைதான்.

முதலில் இன்றைய சதவீதம்

கணக்குக்கு வேண்டியது இரண்டு எண்கள்: இன்றைய எடை, இன்றைய கொழுப்புச் சதவீதம். எடையை ஒரு நாள் பார்த்து எழுதிவிடாதீர்கள். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, காபி குடிக்கும் முன் ஏழு நாள் எடுத்துச் சராசரி போடுங்கள். உப்பு தூக்கலான ஒரு விருந்துச் சாப்பாடே மறுநாள் ஒரு கிலோவைக் கூட்டிக் காட்டிவிடும்.

சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்வது டெக்ஸா ஸ்கேன். எலும்புத் தேய்மானம் பார்க்கும் அதே இயந்திரம்தான், ஆனால் முழு உடல் அமைப்பைப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறதா என்று மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இடுப்பையும் முதுகெலும்பையும் மட்டும் எடுக்கும் எலும்பு அறிக்கையில் இந்தச் சதவீதம் வராது.

வீட்டில் காலை வைத்து நிற்கும் ஸ்மார்ட் எடைத்தராசு கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மெல்லிய மின்சாரத்தை ஒரு பாதத்தில் செலுத்தி மறு பாதத்தில் வாங்கி, தடையை வைத்து உடலின் நீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய்வருவதால் வயிற்றுக் கொழுப்பு அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. தாகத்தோடு ஏறினால் சதவீதம் கூடும், உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறினால் வேறொன்று சொல்லும். தினமும் ஒரே நேரத்தில், உலர்ந்த பாதத்தோடு ஏறி, போக்கை மட்டும் கவனித்தால் பயன் உண்டு. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதில் ஏறவே கூடாது.

செலவில்லாமல் ஓரளவு நம்பக்கூடியது டேப் முறை. அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல் உருவாக்கியது. தையல்காரர் டேப் ஒன்று போதும். பழைய துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டிருக்கும், இரும்பு ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்குலப் பக்கத்தை விட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் அளக்க வேண்டும்.

ஆண்கள் வயிற்றைத் தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும். வேட்டியோ பேன்ட்டோ கட்டும் இடம் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும், அது கணக்கில் சேராது. பேன்ட் அளவு 36 என்பதால் வயிறு 36 அங்குலம் என்று எழுதினால் பதில் பல சதவீதம் குறைந்து வரும். பெண்கள் இடையின் மிகக் குறுகலான இடத்தில் ஒன்று, பின்புறம் மிக அகன்ற இடத்தில் ஒன்று என இரண்டு அளவு எடுக்க வேண்டும். கழுத்தை இருவருமே குரல்வளைக்குச் சற்றுக் கீழே, டேப் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கும்படி அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. இயல்பாக மூச்சு விட்டு முடித்த நொடியில் படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

ஆண்களுக்கு:
அடர்த்தி = 1.0324 − 0.19077 × லாக்(வயிறு − கழுத்து) + 0.15456 × லாக்(உயரம்)

பெண்களுக்கு:
அடர்த்தி = 1.29579 − 0.35004 × லாக்(இடை + பின்புறம் − கழுத்து) + 0.22100 × லாக்(உயரம்)

இருவருக்கும்:
கொழுப்புச் சதவீதம் = 495 ÷ அடர்த்தி − 450

எல்லாம் சென்டிமீட்டரில். லாக் என்பது 10-ஐ அடியாகக் கொண்டது. செல்போன் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்தப் பொத்தான் வரும். பக்கத்திலேயே 'எல்என்' என்று இன்னொன்று இருக்கும், அதை அழுத்தினால் விடை தவறாகிவிடும். கடைசி வரியில் உள்ள 495-உம் 450-உம் 1961-ல் சிரி என்பவர் தந்த சமன்பாடு: கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றவற்றின் அடர்த்தி 1.1 என்ற அடிப்படையில் வந்தவை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண், உயரம் 168, வயிறு 102, கழுத்து 38, எடை 84 கிலோ. வயிற்றிலிருந்து கழுத்தைக் கழித்தால் 64. அடர்த்தி 1.0318. சதவீதம் 29.8, அதாவது 30 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண்: உயரம் 155, இடை 88, பின்புறம் 103, கழுத்து 33, எடை 68 கிலோ. கூட்டிக் கழித்தால் 158. அடர்த்தி 1.0102, சதவீதம் 40.

இரண்டு வரிக் கணக்கு

கொழுப்பற்ற எடை = எடை × (1 − இன்றைய சதவீதம்)
இலக்கு எடை = கொழுப்பற்ற எடை ÷ (1 − இலக்குச் சதவீதம்)

சதவீதங்களைத் தசமமாக எழுத வேண்டும்: 30 சதவீதம் என்றால் 0.30. நம் ஆணுக்கு இலக்கு 20 சதவீதம் என்று வைப்போம். 84 × 0.70 = 58.8 கிலோ கொழுப்பற்ற எடை. 58.8 ÷ 0.80 = 73.5 கிலோ. பெண்ணுக்கு இலக்கு 32 சதவீதம். 68 × 0.60 = 40.8. 40.8 ÷ 0.68 = 60 கிலோ.

இங்கேயே ஒரு வழக்கமான பிழை. '30-லிருந்து 20, ஆகப் பத்து சதவீதம் குறைய வேண்டும், 84-ல் பத்து சதவீதம் 8.4 கிலோ' என்று போட்டு 75.6-இல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த எடையில் கொழுப்பு 16.8 கிலோ. 75.6-ல் அது 22.2 சதவீதம். எடை குறையக் குறைய வகுக்கும் எண்ணும் குறைகிறது என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

கொழுப்பற்ற எடை என்றதும் தசை என்று நினைக்க வேண்டாம். எலும்பு, உறுப்புகள், ரத்தம், உடலின் நீர், குடலில் இருக்கும் உணவு எல்லாம் அதில் அடக்கம். காலில் நீர் கோத்திருப்பவருக்கு அந்த நீரும் 'கொழுப்பற்ற எடை'யாகவே கணக்கில் ஏறும். அவர்களுக்கு இந்த முறை பொருந்தாது.

தசையும் கரையும்: திருத்திய கணக்கு

சாப்பாட்டைக் குறைத்து மட்டும் எடை இறக்கினால், இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாததாக இருக்கும் என்பது பரவலாகப் பயன்படும் மதிப்பீடு. பட்டினி கிடந்தால் அந்தப் பங்கு கூடும். எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் இருந்தால் பத்து சதவீதம் அளவுக்குக் கீழே கொண்டுவர முடியும். இந்தப் பங்கைச் சேர்த்துக் கணக்கிட்டால்:

குறைக்க வேண்டிய எடை = (கொழுப்பு எடை − இலக்கு × எடை) ÷ (1 − இழப்புப் பங்கு − இலக்கு)

நம் ஆணின் கொழுப்பு எடை 84 × 0.30 = 25.2 கிலோ. இலக்கு × எடை = 0.20 × 84 = 16.8. கழித்தால் 8.4.

கொழுப்பைத் தவிர எதுவும் கரையாது என்றால் 8.4 ÷ 0.80 = 10.5 கிலோ குறைய வேண்டும், நிற்பது 73.5. பத்து சதவீதம் கரைந்தால் 8.4 ÷ 0.70 = 12 கிலோ, நிற்பது 72. கால் பங்கு கரைந்தால் 8.4 ÷ 0.55 = 15.3 கிலோ, நிற்பது 68.7. ஒரே ஆள், ஒரே இலக்குச் சதவீதம், ஆனால் எப்படிக் குறைக்கிறார் என்பதைப் பொறுத்து கிட்டத்தட்ட ஐந்து கிலோ வித்தியாசம். வெறும் சாப்பாட்டைக் குறைத்துப் போகிறவர் அதே 20 சதவீதத்துக்கு வர ஐந்து கிலோ கூடுதலாகக் குறைத்தாக வேண்டும், அதில் நான்கு கிலோவுக்கு அருகே தசையும் சேர்ந்த எடையாகப் போய்விடுகிறது.

பெண்ணின் கணக்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கொழுப்பு 27.2, கழிக்க வேண்டியது 21.76, மிச்சம் 5.44. ஐந்தில் ஒரு பங்கு கரைந்தால் 5.44 ÷ 0.48 = 11.3 கிலோ, நிற்பது 56.7. எளிய கணக்கு சொன்ன 60 கிலோவில் நிறுத்தியிருந்தால் 32 சதவீதம் வந்திருக்காது.

ஆகவே இரண்டு வரிக் கணக்கு தருவது மேல் எல்லை. பத்து சதவீத இழப்பை வைத்து வருவதை வேலைக்கான இலக்காக வையுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி பயிற்சியையும் சாப்பாட்டையும் அமையுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஸ்குவாட், புஷ்-அப், டம்பெல் கொண்டு இழுக்கும் பயிற்சிகள். நடைப்பயிற்சி நல்லதுதான், தசையைக் காப்பதற்கு அது மட்டும் போதாது. புரதம் இலக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 72 கிலோவுக்கு 86 கிராமிலிருந்து. நம் சாப்பாட்டில் இதுதான் சறுக்கும் இடம். நான்கு இட்லியில் 8 கிராம் அளவுக்குத்தான் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் ஏறக்குறைய 25. கொண்டைக்கடலை ஊறவைக்கும் முன் 50 கிராம் எடுத்தால் 10 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பாரை மட்டும் நம்பினால் பாதியைக்கூட எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அளவில் பிழை, இலக்கில் பிழை

டேப் முறை மூன்று நான்கு சதவீதம் இப்படியோ அப்படியோ போகக்கூடியது. நம் ஆணின் உண்மையான சதவீதம் 27 என்றால் எளிய கணக்கில் இலக்கு 76.7 கிலோ. 33 என்றால் 70.4. ஒரு சதவீதப் பிழை ஒரு கிலோவுக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வயிற்றளவில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் அரை சதவீதத்துக்கு மேல் மாறும். இதனால்தான் 71.8 என்று தசமம் வரை எழுதிச் சுவரில் ஒட்டுவதில் பொருளில்லை. 'அறுபத்தெட்டிலிருந்து எழுபத்தாறு வரை' என்பதே நேர்மையான விடை.

கருவியை நடுவில் மாற்றினால் கணக்கே கெட்டுவிடும். தராசில் 26 என்று தொடங்கி, டெக்ஸாவில் 31 என்று பார்த்துக் கொழுப்பு கூடிவிட்டதாகக் கலங்குவதற்கு அதுதான் காரணம். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே கடைசி வரை போங்கள்.

கிலோவுக்குப் பக்கத்திலேயே ஒரு டேப் இலக்கையும் வைத்துக்கொள்வது நல்லது. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 168 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 20 சதவீதம் என்பது வயிறு கழித்தல் கழுத்து 49.4. எடை குறையும்போது கழுத்தும் ஒரு சென்டிமீட்டர் இறங்கி 37 ஆனால் வயிறு 86 அல்லது 87. அந்தப் பெண்ணுக்கு 32 சதவீதம் என்பது கூட்டுத்தொகை 158-லிருந்து 141 அளவுக்கு இறங்குவது. தராசு நகராமல் டேப் மட்டும் இறங்கும் வாரங்கள் நிச்சயம் வரும், அப்போது இந்த எண்தான் தைரியம் தரும். இந்தியர்களுக்கு வயிற்றளவின் எல்லையாக ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வைத்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்தச் சதவீதத்தை இலக்காக வைப்பது

ஆண்களுக்கு 25-க்கு மேலும், பெண்களுக்கு 32-க்கு மேலும் போனால் உடல்பருமன் என்பது பயிற்சியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அமெரிக்க அட்டவணை. சாதாரண நிலை ஆண்களுக்கு 18 முதல் 24, பெண்களுக்கு 25 முதல் 31. உடற்தகுதியோடு இருப்பவர்கள் ஆண்கள் 14 முதல் 17, பெண்கள் 21 முதல் 24. உயிர்வாழவே தேவையான கொழுப்பு ஆண்களுக்கு 2 முதல் 5, பெண்களுக்கு 10 முதல் 13. ஆணின் எண்ணைப் பெண் இலக்காக வைத்தால் மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்குப் போய்விடலாம், எலும்பும் பலவீனப்படும்.

30-இல் இருப்பவர் 12-ஐ இலக்காக வைக்க வேண்டாம். முதல் நிறுத்தம் ஐந்து சதவீதம் கீழே, அங்கே இரண்டு மாதம் நிலைத்த பிறகு அடுத்தது. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், உணவைப் பார்த்துப் பயப்படும் கோளாறு முன்பு இருந்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஒல்லியாகத் தெரிந்தும் தொப்பை உள்ளவருக்குக் கணக்கு வேறு. அதே 168 உயரம், 62 கிலோ, 28 சதவீதம் என்று வையுங்கள். பிஎம்ஐ 22, எந்த அட்டவணையிலும் சரியாகத்தான் இருக்கும். கொழுப்பற்ற எடை 44.6 கிலோ. 20 சதவீதத்துக்கு எளிய கணக்கு 55.8 கிலோ என்று சொல்லும். அதை நம்பிக் குறைத்தால் கன்னம் ஒட்டி, கை கால் இன்னும் மெலிந்துபோகும். இவருக்குக் கொழுப்பற்ற எடையைக் கூட்டித்தான் இலக்கு போட வேண்டும். ஓராண்டுப் பயிற்சியில் இரண்டு கிலோ ஏற்ற முடியும் என்று வைத்தால் 46.6 ÷ 0.80 = 58.3 கிலோ. குறைய வேண்டியது நான்கு கிலோவுக்கும் குறைவு, அதையும் மெதுவாக. பட்டினியை விட்டுவிட்டு டம்பெல்லைத் தூக்க வேண்டியவர் இவர்.

வேகமும் மறுகணக்கும்

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைவது தாங்கக்கூடிய வேகம். ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில், வாரம் அரை கிலோவுக்கு நாளைக்கு 550 கலோரி குறைய வேண்டும். 12 கிலோ என்றால் 24 வாரம், நடைமுறையில் பண்டிகை, ஊர்ப்பயணம், காய்ச்சல் எல்லாம் சேர்த்து ஏழெட்டு மாதம்.

முதல் இரண்டு வாரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். சோற்றைக் குறைத்ததும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் இறங்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீர் சேர்ந்து போகும். இரண்டு கிலோ மளமளவென்று இறங்குவது அந்த நீர்தான். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் ஒரே வாரத்தை அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும், முந்தைய வாரத்தோடு அல்ல.

ஐந்து கிலோ குறைந்ததும் எல்லாவற்றையும் மறுபடி அளங்கள். நம் ஆண் 79 கிலோவுக்கு வந்து சதவீதம் 27.3 காட்டுகிறது என்று வைப்போம். கொழுப்பு 21.6, கொழுப்பற்ற எடை 57.4. தொடக்கத்தில் அது 58.8. ஐந்து கிலோவில் 1.4 கிலோ கொழுப்பு அல்லாதது, அதாவது 27 சதவீதம். இதே போக்கில் போனால் திருத்திய சூத்திரம் 68 கிலோ என்று சொல்லும். புரதத்தைக் கூட்டி, பயிற்சியைச் சேர்த்து, இனி இழப்பைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 70.8 கிலோ. ஆனால் அந்த 1.4 கிலோவில் முதல் வார நீரும் இருக்கிறது, டேப்பின் பிழையும் இருக்கிறது. அதைத் தனியாக நம்ப வேண்டாம். பயிற்சியில் உங்கள் எண்ணிக்கையையும் பாருங்கள்: போன மாதம் 15 புஷ்-அப் எடுத்தவர் இப்போதும் 15 எடுக்கிறார், டம்பெல் எடையும் குறையவில்லை என்றால் தசை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. எண்ணிக்கை பத்துக்கு இறங்கி, தராசு மட்டும் வேகமாக இறங்குகிறது என்றால் அந்த வாரமே கலோரியை 200 கூட்டி, அதைப் புரதமாகவே கூட்டுங்கள்.